சின்னக் காரும் பெரிய காரும் மோதினால்...?

சின்னஞ்சிறு கார். உயரம் சுமார் 4 அடிதான். நீளம் பதினொன்றரை அடி. இரண்டே பேர் உட்காரலாம். துணிக் கூரையை மடக்கி விட்டால், தலைக்கு மேலே வானம்! அதன் பெயர் "எம்.ஜி. மிட்ஜெட்".

இங்கிலாந்தில் 1961-ம் ஆண்டு முதல் 1979-ம் ஆண்டு வரை இந்தக் காரைச் செய்தார்கள். இன்றும் அங்கே பலர் இதைக் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றி வருகிறார்கள். விடுமுறை நாளில் வெயில் அடித்து விட்டால் போதும். துடைத்து, மெருகேற்றி, மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கிளம்பி விடுவார்கள்.

இந்த ஆசையைக் குறை சொல்வதற்கு இல்லை. ஆனால் அதே சாலையில் எதிரே வருவது என்ன? "ரேஞ்ச் ரோவர்" போன்ற பெரிய வண்டிகள்! அவற்றின் எடை 2 டன்னைத் தாண்டும். மிட்ஜெட்டின் எடையோ சுமார் 700 கிலோ. பெரிய வண்டியின் முன்பக்கம், மிட்ஜெட்டில் இருப்பவரின் முகத்துக்கு நேராக வருகிறது.

இரண்டும் மோதினால் என்ன ஆகும்?

பழைய இரும்பா, புது இரும்பா?

"அந்தக் காலத்துக் கார் கெட்டி இரும்பு. இப்போது வருவதெல்லாம் வெறும் தகரம்" என்று சொல்பவர்கள் உண்டு. கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் உண்மை அல்ல.

அமெரிக்காவில் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் சேர்ந்து நடத்தும் சாலைப் பாதுகாப்பு நிலையம் ஒன்று இருக்கிறது. 2009-ம் ஆண்டில் அங்கே ஒரு சோதனை நடத்தினார்கள். 1959-ம் ஆண்டு "செவர்லே பெல் ஏர்" கார் ஒரு பக்கம். 2009-ம் ஆண்டு "செவர்லே மாலிபு" கார் எதிர்ப் பக்கம். எடையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டிலும் மனிதனைப் போன்ற பொம்மைகளை உட்கார வைத்து, ஒவ்வொன்றையும் மணிக்கு 40 மைல் வேகத்தில் மோத விட்டார்கள்.

பழைய காரில் டிரைவர் உட்காரும் இடமே நசுங்கிப் போயிற்று. உயிருள்ள ஆளாக இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார்! புதுக் காரின் மூக்கு நசுங்கியது. உட்காரும் இடம் அப்படியே நின்றது. அதில் இருந்த ஆளுக்குக் காலில் காயம் பட்டிருக்கும். அவ்வளவுதான்.

காரணம் என்ன? மாடியிலிருந்து மணல் குவியலில் குதிப்பதற்கும், பாறையில் குதிப்பதற்கும் வித்தியாசம் உண்டு அல்லவா? மணல் நெகிழ்ந்து கொடுக்கிறது. புதுக் காரின் முன்பக்கமும் அப்படித்தான். அது நசுங்குவதற்கென்றே செய்யப்பட்டது. மெர்சிடஸ் கம்பெனியில் வேலை செய்த பேலா பாரெனி என்ற என்ஜினீயர் கண்ட யோசனை இது. 1959-ம் ஆண்டிலேயே அந்தக் கம்பெனியின் கார்களில் இது வந்து விட்டது. அதே ஆண்டில் ஸ்வீடன் நாட்டு வோல்வோ கம்பெனியின் நில்ஸ் போலின், தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் பட்டையைக் கொண்டு வந்தார். மற்றக் கம்பெனிகளும் அதைச் செய்துகொள்ளலாம் என்று வோல்வோ விட்டு விட்டது. பெரிய மனசு!

பொல்லாத கணக்கு

உடம்பைத் திருத்தி விடலாம். எடையை என்ன செய்வது?

700 கிலோ காரும் 2,100 கிலோ வண்டியும் நேருக்கு நேர் வருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம். மோதி ஒட்டிக்கொண்டால், பெரிய வண்டி நின்று விடாது. 30 கிலோமீட்டர் வேகத்தில் சின்னக் காரைப் பின்னாலேயே தள்ளிக்கொண்டு போகும்.

அதாவது பெரிய வண்டிக்கு வேகம் 30 குறைகிறது. சின்னக் காருக்கோ, 60-ம் போய், பின்பக்கமாக 30-ம் சேர்ந்து, ஒரே நொடிக்குள் 90 மாறி விடுகிறது. அடி மூன்று மடங்கு!

புதுச் சின்னக் காரும் இந்தக் கணக்குக்குத் தப்பவில்லை. அதே 2009-ம் ஆண்டில் "ஸ்மார்ட்" என்ற குட்டிக் காரை ஒரு மெர்சிடஸ் காரோடு மோத விட்டார்கள். காற்றுப் பை, பட்டை எல்லாம் இருந்தும், அது துள்ளி எழுந்து சுழன்றது. மிட்ஜெட்டுக்கு எடையும் இல்லை. நவீன உடம்பும் இல்லை.

"சின்னக் கார் சட்டென்று ஒதுங்கும், விபத்தே வராது" என்பது இன்னொரு பேச்சு. அமெரிக்க சினிமா நடிகர் ஜேம்ஸ் டீன் ஓட்டியது சுமார் 550 கிலோ எடையுள்ள "போர்ஷே" பந்தயக் கார். 1955-ம் ஆண்டு செப்டம்பர் 30-ந் தேதி, கலிபோர்னியாவில் ஒரு சாலைச் சந்திப்பில், எதிரே வந்த போர்டு கார் குறுக்கே திரும்பியது. அதன் எடை இரு மடங்குக்கும் மேல். ஒதுங்க நேரம் ஏது? ஜேம்ஸ் டீன் இறந்தார். வயது 24. போர்டு காரை ஓட்டியவருக்குச் சிறு காயம்தான்.

யார் செய்ய வேண்டியது என்ன?

குற்றம் முழுவதும் சின்னக் காரின் மேல் அல்ல. கடைக்குப் போய் ரொட்டி வாங்க 2 டன் வண்டி எதற்கு? தன் வீட்டுப் பிள்ளையைக் காக்கும் எடை, அடுத்த வீட்டுப் பிள்ளையை நசுக்குகிறதே! பாரிஸ் நகரில் 2024-ம் ஆண்டு மக்களிடம் ஓட்டு எடுத்து, வெளியாட்களின் கனமான கார்களுக்கு நிறுத்தும் கட்டணத்தை மூன்று மடங்காக்கினார்கள். நல்ல வேலை.

மிட்ஜெட் வைத்திருப்பவரும் சும்மா இருக்கலாகாது. பட்டை இல்லாவிட்டால் நல்ல பட்டையாகப் போட வேண்டும். லாரிகள் பறக்கும் பெருஞ்சாலையை விட்டு, கிராமத்துச் சாலையில் ஓட்ட வேண்டும்.

இங்கிலாந்து சர்க்காரோ, 40 வயது தாண்டிய கார்களுக்கு வருடாந்தரச் சோதனை தேவையில்லை என்று 2018-ம் ஆண்டில் விட்டு விட்டது. கிழவருக்கு வைத்தியரே வேண்டாம் என்பது போல இருக்கிறது! ஆனால் குழந்தைகள் விஷயத்தில் சட்டம் கண்டிப்பானது. பட்டை இல்லாமல் தயாரான பழைய காரில் 3 வயதுக்குக் குறைந்த குழந்தையை ஏற்றவே கூடாது. அதற்கு மேற்பட்ட குழந்தைகளைப் பின் இருக்கையில் மட்டுமே உட்கார வைக்கலாம்.

மிட்ஜெட்டில் பின் இருக்கையே கிடையாது.