பெயரைப் பார்க்கிறோம்; மேசையைப் பார்ப்பதில்லை

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

 

பெருநாள் முடிந்த மறுநாள், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், போடி, தேனி எனப் பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்து நம் குடும்பங்கள் வேன் பிடித்துப் புறப்படுகின்றன. ஒரு சாரார் குமுளி மலைச்சாலை ஏறித் தேக்கடி ஏரிக்குச் செல்வர். மற்றொரு சாரார் ஆண்டிப்பட்டிக்கு அருகிலுள்ள வைகை அணைக்குச் செல்வர். பெற்றோரையும் பிள்ளைகளையும் அழைத்துச் சென்று இறைவனின் படைப்பழகைக் காட்டுவது நல்ல செயலே. ஆனால் நண்பகலில் பசியெடுத்து, "எங்கே சாப்பிடலாம்?" என்ற கேள்வி எழும்போது நாம் எடுக்கும் முடிவு பெரும்பாலும் மார்க்கத்தின் அளவுகோலால் எடுக்கப்படுவதில்லை. கடைக்காரரின் பெயரைப் பார்த்தே எடுக்கப்படுகிறது. இதுவே என் குற்றச்சாட்டு.

அணைக்கரையில் ஒதுங்கும் கால்கள்

வைகை அணை 1959ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. 71 அடி உயரத்திற்கு நீர் தேக்கும் அந்த நீர்த்தேக்கத்தில் கட்லா, ரோகு, மிருகால், ஜிலேபி மீன்கள் வளர்கின்றன. அவற்றை வாங்கி, மிளகாய்ப்பொடி தடவிப் பொரித்து விற்கும் எளிய கடைகள் அணைப் பகுதியில் உள்ளன. கடைக்காரர் பிற சமயத்தவர் என்று தெரிந்ததும் நம்மில் சிலர், "ஹலாலா என்று தெரியவில்லையே" என்று கூறிப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகின்றனர்.

மீனில் என்ன தெரியவேண்டும்? மீனுக்கு அறுப்பு இல்லை. பிஸ்மில்லாஹ் கூறி அறுக்கும் கை எவருடையது என்ற வினாவும் இல்லை. நீர்வேட்டை நமக்கு ஆகுமாக்கப்பட்டிருப்பதைத் திருக்குர்ஆன் 5:96 கூறுகிறது. நன்னீர், உவர்நீர் ஆகிய இரண்டிலிருந்தும் புத்தம்புது இறைச்சியை நாம் உண்பதைத் தன் அருட்கொடையாக இறைவன் 35:12இல் நினைவூட்டுகிறான். இறால், நண்டு பற்றி மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. நம் பள்ளத்தாக்கு ராவுத்தர்கள் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில், தானாகச் செத்து மிதக்கும் மீனை உண்ணலாகாது என்ற விதியும் உண்டு. ஆனால் வலையில் பிடித்த மீன் ஹலால் என்பதில் நான்கு மத்ஹபுகளும் ஒன்றுபட்டே நிற்கின்றன. பிடித்தவர் யார், பொரித்தவர் யார் என்பதால் அது ஹராமாகிவிடாது.

"சந்தேகமானதை விட்டு விலகுவதுதானே பேணுதல்?" என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் சந்தேகத்திற்கு ஓர் இடம் வேண்டும். அந்த இடம் மீன் அன்று, எண்ணெய். அறுப்பு முறை தெரியாத கோழியைப் பொரித்த எண்ணெயிலேயே மீனும் பொரிக்கப்பட்டால், அங்கே தயங்குவதற்குக் காரணம் உண்டு. அதற்கு வழி முகத்தைத் திருப்பிக்கொள்வது அன்று. வாய் திறந்து கேட்பது. "அக்கா, மீனுக்குத் தனி எண்ணெயா?" என்று அன்போடு கேட்டால் எந்தக் கடைக்காரரும் கோபித்துக்கொள்ள மாட்டார். தனிச் சட்டியில் பொரித்துத் தரவும் பலர் ஆயத்தமாகவே இருப்பர். கேட்காமல் விலகுவதைப் பேணுதல் என்று சொல்ல என் மனம் இடங்கொடுக்கவில்லை. அது வெறுப்பின் மீது போர்த்திய பேணுதல் சட்டை.

நபி (ஸல்) அவர்கள் தம் குடும்பத்திற்கான வாற்கோதுமையை ஒரு யூதரிடம் கடனாக வாங்கி, தம் போர்க்கவசத்தை அடகு வைத்திருந்தார்கள் என்பது புகாரியில் பதிவான செய்தி. பிற சமயத்தவரிடம் உணவுப் பொருள் வாங்குவதை இழிவாகக் கருதும் மனப்பான்மை அந்த வாழ்க்கையில் இல்லை.

2020 மே மாதத்தில், தம் கடையில் முஸ்லிம் பணியாளர் இல்லை என்று விளம்பரம் செய்ததற்காகச் சென்னை அடுமனை உரிமையாளர் ஒருவர் கைது செய்யப்பட்டார். அன்று நாம் கொதித்தோம், கொதித்தது நியாயமே. உணவின் தரத்தைப் பாராமல் சமைப்பவரின் சமயத்தைப் பார்ப்பது அநீதி என்று ஊருக்கே சொன்னோம். அதே அளவுகோலை அணைக்கரையில் மீன் பொரிக்கும் பெண்ணின் முன் நாம் கைவிடலாமா? உத்தமபாளையத்தில் 1956இல் நம்மவர் நிறுவிய ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவ்தியா கல்லூரியில் எல்லாச் சமயப் பிள்ளைகளும் ஒரே பலகையில் அமர்ந்து படிக்கின்றனர். நம் பலகையில் அவர்கள் அமர்வது சரி, அவர்கள் கடைப் பலகையில் நாம் அமர்வது தவறு என்றால், இது எந்த நீதி?

மலைமேல் நிகழும் மறதி

இதன் மறுபக்கம் இன்னும் வேதனையானது. அணைக்கரைக் கடையில் அத்தனை பேணுதல் காட்டிய குடும்பம், மலையேறியதும் மதுக்கூடத்தோடு இயங்கும் விடுதியில், 'ஹலால்' என்ற பச்சை எழுத்தைக் கண்டவுடன் நிம்மதியாக அமர்ந்துவிடுகிறது. பக்கத்து மேசையில் கோப்பைகள் நிறைகின்றன. நம் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கின்றனர். தட்டில் உள்ள கோழி ஹலால் என்பது மட்டும் நமக்குப் போதுமானதாகிவிடுகிறது.

அல்லாஹ்வையும் இறுதி நாளையும் நம்புபவர் மது பரிமாறப்படும் விரிப்பில் அமரவேண்டாம் என்ற நபிமொழி திர்மிதியில் உள்ளது. குடிக்காதே என்பதோடு அந்த அறிவுரை நிற்கவில்லை. அங்கே அமராதே என்றும் சொல்கிறது. "நாங்கள் குடிக்கவில்லையே, சாப்பிட மட்டும்தானே போனோம்" என்ற பதிலுக்கு அங்கே இடமில்லை. வேறு வழியே இல்லாத பயணியின் நிலை வேறு. குமுளியில் அந்த நெருக்கடி எங்கே இருக்கிறது? கடைத்தெருவில் மது வாடையே இல்லாத சிற்றுண்டிக் கடைகள் உண்டு, சைவ உணவகங்கள் உண்டு, தேநீர்க் கடைகள் உண்டு. அவை ஏதும் பிடிக்காவிட்டால் வீட்டிலிருந்து கட்டிச் செல்லும் சோறு உண்டு. நம் பாட்டிமார் கட்டுச்சோறின்றிப் பயணம் புறப்பட்டதில்லை.

அந்தப் பச்சை எழுத்தைப் பற்றியும் ஒரு சொல். உணவகங்கள் ஹலால் சான்று பெற்றே தீரவேண்டும் என்ற சட்டம் நம் நாட்டில் இல்லை. பலகையில் எவரும் எழுதிக்கொள்ளலாம். ஆகவே இறைச்சி உண்பதாயின், எங்கிருந்து வருகிறது, அறுப்பவர் யார் என்று கேட்டறிவது நம் கடமை. கேட்கவேண்டிய இடத்தில் வாய்மூடியிருக்கிறோம். கேட்கத் தேவையே இல்லாத மீன்கடையில் ஐயம் கிளப்புகிறோம்!

உண்டபின் விட்டுச் செல்வது

ஹலாலான உணவை ஹலாலான இடத்தில் உண்டோம். அத்துடன் முடிந்ததா? உண்ணுங்கள், பருகுங்கள், வீண்விரயம் செய்யாதீர்கள் என்பது 7:31இன் கட்டளை. பாதி தின்ற பிரியாணிப் பொட்டலமும் நெகிழிக் குவளையும் கரையில் கிடக்க, நாம் வண்டி ஏறிவிடுகிறோம்.

இரு ஏரிகளையும் இணைப்பது ஒரே நீர் என்பதை எண்ணிப் பாருங்கள். 1895இல் பணி நிறைவேறிய பெரியாறு அணையால் உருவானதே தேக்கடி ஏரி. யானையும் காட்டெருமையும் மிளாவும் நீர் அருந்தும் அந்த ஏரியின் நீர் சுரங்கவழி இறங்கி, லோயர் கேம்பில் மின்சாரம் ஈந்து, நம் நெல்வயல்களை நனைத்து, வைகையில் கலந்து, வைகை அணையைச் சேர்கிறது. அங்கிருந்து மதுரையின் குடிநீராகவும் ஆகிறது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களைத் தமிழ்நாடு அரசு 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்துள்ளது. அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, நீர்த்துறையிலும் நடைபாதையிலும் நிழலிலும் மலம் கழிப்பதைச் சாபத்திற்குரிய செயலாக நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள் (அபூதாவூத்). மக்கள் பயன்படுத்தும் நீர்த்துறையைக் கெடுப்பது எத்துணை பெரிய குற்றம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? வழியில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்றால், இடையூறைக் கொண்டுபோய்ப் போடுவது எதன் கிளை?

சகோதரர்களே! அடுத்த பெருநாளுக்கு ஏரிக்கரை செல்லும்போது கடைப்பலகையில் உள்ள பெயரைப் படிப்பதற்கு முன் நான்கைக் கவனியுங்கள். உணவு இறைச்சியா, மீனா, காய்கறியா? இறைச்சியாயின் அறுப்பு எவ்வாறு, மீனாயின் எண்ணெய் எது? அருகில் மது பரிமாறப்படுகிறதா? எழுந்த பிறகு இடம் தூய்மையாக உள்ளதா? திருக்குர்ஆன் 2:168 ஹலாலை மட்டும் தனித்துச் சொல்லவில்லை. தூய்மையானதை, அதாவது தய்யிபை, அதனுடன் சேர்த்தே சொல்கிறது. ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றொன்றை விடுவது மார்க்கமாகாது.

நம் பிள்ளைகள் நம் சொற்பொழிவுகளை மறந்துவிடுவர். எந்தக் கடையில் அமர்ந்தோம், எந்தக் கடையைத் தவிர்த்தோம் என்பதை மறக்க மாட்டார்கள். மதுக்கூடத்தில் இயல்பாக அமரவும் ஏழை மீன்காரியிடம் அருவருப்போடு விலகவும் அவர்கள் நம்மிடமிருந்து கற்றுக்கொண்டால், நாளை மறுமையில் அந்தப் பாடத்திற்கான பதிலை நாமே சொல்லவேண்டும்.

ஹலாலை ஹலாலென அறிந்து உண்ணவும், ஹராமை ஹராமென அறிந்து விலகவும், அண்டை அயலாரிடம் நீதியோடு நடக்கவும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.