பதிவாகாத இரவுகள்

ஒரே பாட்டின் இரண்டு பதிவுகளைப் போட்டுக் கேட்டு, எது உசத்தி என்று விடிய விடியச் சண்டை போடக்கூடியவர்கள் இரண்டு கூட்டத்தார். ஒன்று கர்நாடக சங்கீத ரசிகர்கள், மற்றொன்று ஜாஸ் ரசிகர்கள். மும்பையில் இந்த இரண்டு கூட்டத்துக்கும் இடையே தூரம் அதிகமில்லை. சுனாபட்டியில் வளர்ந்த தமிழருக்கு ஒரு பக்கம் மாதுங்காவின் சண்முகானந்தா சபை. ஹார்பர் லைன் ரயில் பிடித்தால் மறுபக்கம் டோபி தலாவின் ரங்பவன், ஜாஸ் முழங்கிய திறந்தவெளி அரங்கு.

சண்டைக்குக் காரணம் இரண்டு இசைகளின் அமைப்பிலேயே இருக்கிறது. ஜாஸ் கலைஞர் மெட்டை ஒருமுறை வாசித்துக் காட்டுகிறார். பிறகு அதன் ஸ்வரக்கூட்டுகள் சுற்றிச் சுற்றி வர, அவற்றின் மேல் தன் கற்பனையை விரிக்கிறார். நான்கு நான்கு தாள அளவாக டிரம்காரரும் சாக்ஸஃபோன்காரரும் மாறி மாறி வாசிப்பதைக் கேட்டால், தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் பேசிக்கொள்வது நினைவுக்கு வரும். இன்று வாசித்தது நாளை வராது. ஆகவே நேரில் இருந்தவரின் சாட்சியத்துக்குத் தனி மதிப்பு.

இரு கூட்டத்தாரும் தங்களுடையது என்று உரிமை கொண்டாடும் இசைத்தட்டு ஒன்று உண்டு. 1975 ஜூலை 5 அன்று நியூயார்க் மாநிலத்தில் ஒரு கல்லூரியில் நடந்த கச்சேரி, மறு ஆண்டு 'சக்தி'யின் முதல் தட்டாக வந்தது. ஜான் மக்லாஃப்லின் கிடார், எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, ராம்நாட் ராகவன் மிருதங்கம், விக்கு விநாயகராம் கடம். முதல் உருப்படியே 18 நிமிடம். அதில் ஜாஸ் எங்கே முடிகிறது, கச்சேரி எங்கே தொடங்குகிறது என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

தட்டுகளைப் பற்றிய பேச்சு ஓய்ந்ததும் நினைவுகள் வெளிவரும். 1958-ல் டேவ் புரூபெக் வந்தார். பம்பாயில் சிதார் கலைஞர் அப்துல் ஹலீம் ஜாஃபர் கானுடன் சேர்ந்து வாசித்தார். 1963-ல் டியூக் எலிங்டன், 1964-ல் லூயி ஆம்ஸ்ட்ராங். 1978-ல் நிரஞ்சன் ஜவேரியின் முயற்சியில் ரங்பவனில் முதல் 'ஜாஸ் யாத்ரா' விழா நடந்தபோது சோனி ரோலின்ஸ் சாக்ஸஃபோனுடன் மேடையேறினார். ரோலின்ஸின் இசைத்தட்டுகளை இன்றும் வாங்கலாம். அந்த இரவை நேரில் கேட்ட அனுபவத்தை அங்கே இருந்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

வெளிநாட்டு மேதைகளுக்காவது தட்டுகள் இருக்கின்றன. நம் ஊர் ஜாஸ் கலைஞர்களில் பலர் அதுவும் இல்லாமல் போனார்கள். 1930-களிலிருந்து தாஜ் ஹோட்டலிலும், பின்னர் சர்ச்கேட் தெரு உணவகங்களிலும் இரவுதோறும் வாசித்தவர்களில் கோவாக்காரர்கள் ஏராளம். அவர்களில் ஒருவர் 'சிக் சாக்லேட்' என்று பெயர் வாங்கிய டிரம்பெட் கலைஞர் அந்தோனியோ சேவியர் வாஸ். இந்தியாவின் ஆம்ஸ்ட்ராங் என்று கொண்டாடப்பட்டவர், 1967-ல் மறைந்தார். 1951-ல் வந்த 'அல்பேலா' இந்திப் படத்தில் தன் குழுவோடு அவர் திரையிலேயே தோன்றுகிறார். அந்தப் படத்துக்கு இசையமைத்த சி. ராமச்சந்திராவைத் தமிழர்களுக்கு 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' வழியாகத் தெரியும். இரவில் ஜாஸ் வாசித்தவர்கள் பகலில் சினிமா இசைக்குழுவில் உட்கார்ந்தார்கள். பாட்டில் நான்கு விநாடி ஒலிக்கும் டிரம்பெட் யாருடையது என்று இசைத்தட்டின் உறையில் போடுவதில்லை. அதைக் காதால் அடையாளம் சொல்லக்கூடியவர், அவரை நேரில் கேட்ட ரசிகர் மட்டுமே.

அந்த ரசிகர்கள் கூடிய இடங்களும் மறைந்து வருகின்றன. ஒலி மாசு விதிகள் 2000-ல் வந்தபின், அமைதி மண்டலத்துக்குள் அகப்பட்ட ரங்பவனில் இசை விழாக்கள் நின்றன. தலைமுறைகளாகத் தட்டுகள் விற்ற காலா கோடாவின் ரிதம் ஹவுஸ் 2016-ல் கதவை மூடியது.

கலைஞர்களும் காத்திருப்பதில்லை. 2000 டிசம்பரில் இதே நகரில் 'ரிமெம்பர் சக்தி' நடத்திய கச்சேரி, 'சாட்டர்டே நைட் இன் பாம்பே' என்ற பெயரில் தட்டாக வந்தது. அதில் வாசித்தவர்களில் மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் 2014-ல் போனார். சந்தூர் சிவகுமார் சர்மா 2022-ல், ஜாகிர் உசேன் 2024-ல். செம்பூர்க்காரரான சங்கர் மகாதேவனின் குரலும் அந்தத் தட்டில் இருக்கிறது. அரங்கில் இருந்தவர்களுக்குத் தட்டில் இல்லாத சிலவும் தெரியும்: யார் யாரைப் பார்த்துச் சிரித்தார், எந்த இடத்தில் கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டது என்பதெல்லாம்.

வீட்டுப் பரணில் தட்டுகளையும் காசெட்டுகளையும் பூஞ்சை பிடிக்காமல் காப்பாற்றி வைத்திருக்கும் பெரியவர்கள் பலர் உண்டு. அவற்றை எம்.பி.3-யாக மாற்றித் தருவதோடு பிள்ளைகளின் கடமை முடிவதில்லை. எந்தத் தேதி, எந்த அரங்கு, பக்கத்தில் வாசித்தவர் யார் என்று கேட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கலாம். செலவில்லாத வேலை. சபாக் கச்சேரிகளைக் கேட்ட தாத்தாக்களுக்கும் இது பொருந்தும். பெரியவரின் நினைவு தப்புவதற்குள் கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.