வானொலி மாமா சொல்லாமல் விட்டவை

கொழும்பில் 1925 டிசம்பர் 16 ஆம் திகதி வானொலி ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. இலங்கை வானொலி 1967 இல் கூட்டுத்தாபனமாக மாறிய பின்னரும் தமிழ்ச் சிறுவர்களுக்கு ஒரு 'வானொலி மாமா' இருந்தார். கதை, பாட்டு, நாடகம் எனப் பலவற்றை எம் தலைமுறை அந்த உறவின் வழியே பெற்றது. ஆனால், பாதுகாப்பு என்று அங்கு கேட்டதாக என் நினைவில் எஞ்சியிருப்பது, வீதியைக் கடக்கையில் இருபுறமும் பார்க்க வேண்டும் என்பது மட்டுமே.

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இருக்கவில்லை. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவின் துணையுடன் வானொலி கேட்டோம். செய்திக்காகவே சுற்றினோம். அதே காலத்தில் பிள்ளைகள் விளையாடிய வளவுகளில் மிதிவெடிகள் புதைந்து கிடந்தன. மிதிவெடியில் காலிழந்த சிறுவரைப் பற்றி நாம் செய்தி எழுதினோம். காலிழக்காதிருக்க வழி சொல்லும் ஒரு கதையை எழுதினோமில்லை. இது என் தொழில் மீது நானே வைக்கும் குற்றச்சாட்டு.

இது இயலாத காரியமன்று. ஆப்கானிஸ்தானில் பிபிசி 1994 இல் 'புதிய வீடு, புதிய வாழ்வு' என்ற வானொலித் தொடர் நாடகத்தைப் பஷ்தூ, தாரி மொழிகளில் தொடங்கியது. கண்ணிவெடி பற்றிய எச்சரிக்கை அங்கு அறிவித்தலாக அல்ல, ஒரு கிராமத்தின் கதையாகவே வந்தது.

கைத்தொலைபேசிக் காலத்தில் வானொலி எதற்கு என்று சிலர் கேட்கலாம். இந்தோனேசியாவின் சிமலூ தீவைப் பாருங்கள். 1907 இல் ஆழிப்பேரலையைக் கண்ட அம்மக்கள், நிலம் அதிர்ந்து கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்பதைக் கதையாகவும் தாலாட்டாகவும் பேரர்களுக்குக் கொடுத்தனர். 2004 இல் ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த அத்தீவில் இறந்தோர் ஏழு பேர். அதே நாளில் இலங்கையில் முப்பதாயிரத்துக்கும் அதிகமானோர் மாண்டனர். உள்வாங்கிய கடலை வேடிக்கை பார்க்கச் சென்ற பிள்ளைகளும் அவர்களுள் அடங்குவர்.

போர் 2009 இல் முடிந்தது. கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 இல் இணைந்தது. ஆயினும், வன்னி மண் முற்றாகத் துப்புரவாகிவிடவில்லை. கடலும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. வாரத்துக்குப் பதினைந்து நிமிடம், ஒரு கதை, ஒரு பாட்டு போதும். தமிழ் வானொலிகளை நடத்துவோரிடம் நான் கேட்பது அவ்வளவே. செய்தியாளர்களாகிய நாம் எழுதித் தரவும் கடமைப்பட்டவர்கள்.