புரூனோவின் இதயம்



பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். நமக்குப் புதியவர் அல்ல. நம் இதழில் கோலப் போட்டி என்றால் முதல் தபால் அவருடையதாகத்தான் இருக்கும். இந்த முறை உறைக்குள் கோலம் இல்லை. அவர் வீட்டு டாபர்மேன் புரூனோ இறந்துபோன செய்தி இருந்தது.

ஆறு வயது. அன்று காலை கேட்டில் செருகியிருந்த பேப்பரை வழக்கம்போல் கவ்வி வந்து கொடுத்திருக்கிறது. வைத்த சோற்றை மிச்சமில்லாமல் தின்றிருக்கிறது. கொல்லையில் அணிலைத் துரத்திக்கொண்டு ஓடியது, பாதி வழியில் முன்னங்கால் மடங்கி விழுந்திருக்கிறது. இவர் ஓடிப்போய்த் தலையைத் தூக்கி மடியில் வைத்தபோது மூச்சு இல்லை. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "இதயம் நின்னுபோச்சும்மா, நீங்க ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது" என்று சொல்லியிருக்கிறார்.

அதன் பின்பாதியை அவரால் நம்ப முடியவில்லை. கடிதத்தில் பாதிக்கு மேல் தன்மீதே அடுக்கிய குற்றச்சாட்டுகள். "முதல் நாள் ஆட்டுக்கறிக் குழம்பு ஊற்றிச் சோறு வைத்தேன் ஐயா, அதனாலா? வெயிலில் ஓடவிட்டேன், அதனாலா? தீபாவளிக்குப் பட்டாசுச் சத்தத்தில் கட்டிலுக்கடியில் நடுங்கிக் கிடந்ததே, அப்போதே இதயம் கெட்டுவிட்டதா? பெயரைப் போடாமல் பதில் எழுதுங்கள்" என்று முடித்திருக்கிறார்.

எனக்கு மாட்டு வைத்தியமும் தெரியாது, நாய் வைத்தியமும் தெரியாது. ஆனால் கல்லூரிக் காலத்திலிருந்து நண்பராக இருக்கும் ஒருவர் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கடிதத்தை அவருக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். டாபர்மேன், ஆறு வயது, ஓடும்போது விழுந்தது என்ற மூன்று விவரங்களைக் கேட்டதுமே, "டி.சி.எம்.-ஆகத்தான் இருக்கும். உடலைத் திறந்து பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் பத்துக்கு எட்டுப் பேர் இதைத்தான் சொல்வார்கள்" என்றார்.

டைலேட்டட் கார்டியோமயோபதி என்பது அதன் முழுப்பெயர். இதயத் தசை கொஞ்சம் கொஞ்சமாக வலுவிழக்கும். ரத்தத்தை உடம்புக்கு அனுப்பும் இடது கீழறை விரிந்து பெரிதாகும். சுருங்கும் வலு குறையும். கூடவே, துடிப்பைக் கட்டுப்படுத்தும் மின் ஓட்டமும் தடுமாறும். இடையிடையே ஒழுங்கில்லாத துடிப்புகள் புகும். ஒருநாள் அப்படிப்பட்ட துடிப்புகள் விடாமல் தொடர்ந்து வந்தால் இதயம் துடிப்பதற்குப் பதில் வெறுமனே நடுங்கும். மூளைக்கு ரத்தம் போகாது. சில நொடிகளில் எல்லாம் முடிந்துவிடும். வலியை உணர நேரம் இருந்திருக்காது என்றார் நண்பர். அம்மா, முதலில் உங்களுக்குச் சொல்ல நினைத்தது இதைத்தான்.

இதில் கொடுமை என்னவென்றால், இந்த நோய் வெளியே தெரியாமல் இரண்டு மூன்று ஆண்டுகள்கூட உள்ளே இருக்கும். நாய் ஓடும், தின்னும், குரைக்கும், தபால்காரரை விரட்டும். டாபர்மேன்களில் கணிசமானவற்றுக்கு நோயின் முதல் அறிகுறியே மரணம்தான். 2010-ல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வில் நானூற்றுக்கும் மேற்பட்ட டாபர்மேன்களைப் பரிசோதித்தார்கள். வாழ்நாளில் பாதிக்கு மேற்பட்டவற்றை இந்நோய் பிடிக்கும் என்று அதில் தெரிந்தது. பாதிக்கு மேல்! வளர்ப்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? குட்டியை விற்கும்போது யாராவது சொல்கிறார்களா?

டாபர்மேன் என்ற இனமே பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மனியின் அபோல்டா ஊரில் உருவானதுதான். வரி வசூலிக்கும் வேலை பார்த்த ஒருவர், கையில் பணத்தோடு தெருவில் நடக்கத் துணையாக வளர்த்தெடுத்தார். அவர் பெயரே இனத்துக்கும் ஆயிற்று. பிறகு உலகம் முழுக்க அழகுக்காகவும் கம்பீரத்துக்காகவும் நெருங்கிய ரத்த உறவுக்குள்ளேயே இனம் பெருக்கினார்கள். காது நிற்கிறதா, மார்பு அகலமா என்று பார்த்தார்கள்; மார்புக்குள் இருப்பதைப் பார்க்கவில்லை. குற்றவாளியைத் தேடித்தான் ஆகவேண்டும் என்றால், என் கை அந்தப் பக்கம்தான் நீளும். குழம்புச் சோறு வைத்தவர் பக்கம் நீளாது.

ஆட்டுக்கறிக் குழம்பைப் பற்றி. மனிதருக்கு வருவதுபோல் ரத்தக்குழாயில் கொழுப்பு அடைத்து வரும் மாரடைப்பு நாய்களுக்கு மிக மிக அபூர்வம். அதனால் ஒருவேளைக் குழம்புச் சோறு இதயத்தை நிறுத்தியிருக்க வழியில்லை. (வெங்காயம், பூண்டு நாய்க்கு ஆகாது, ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். அது வேறு விஷயம், குழம்பு ஊற்றும் மற்றவர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன்.) பட்டாசுப் பயமோ வெயில் ஓட்டமோ, ஏற்கெனவே கெட்டுப்போன இதயத்தின் துடிப்பைக் கலைத்துவிடலாம். நல்ல இதயத்தில் இந்த நோயை அவை உண்டாக்குவதில்லை. அணில் வராவிட்டால் வேறொரு நாள், வேறொரு ஓட்டம்.

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா காப்பாத்தியிருக்கலாமோ?" என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நான் அதையும் கேட்டுவிட்டேன். பிமோபெண்டான் என்ற மாத்திரை இருக்கிறது. அறிகுறி தெரியாத கட்டத்திலேயே இதைத் தொடங்கிய டாபர்மேன்களுக்கு, இதயம் செயலிழப்பதோ திடீர் மரணமோ ஏறத்தாழ ஒன்பது மாதம் தள்ளிப்போனது என்று 2012-ல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. நாயின் ஆயுளில் ஒன்பது மாதம் சின்னக் காலமல்ல, மறுக்கவில்லை. ஆனால் நோய் தீர்வதில்லை. எல்லாம் தெரிந்திருந்தாலும் உங்களுக்குக் கிடைத்திருக்கக்கூடியது கொஞ்சம் கூடுதல் நாட்கள். அந்த நாட்கள் முழுக்க, இன்றா நாளையா என்ற பயமும் கூடவே இருந்திருக்கும்.

கடிதத்தை அலுவலகத்தில் சத்தமாக வாசித்தது என் தவறில்லை, நம் உதவி ஆசிரியர்தான் கேட்டார். வாசித்து முடித்ததும் அன்றைய வேலை கெட்டது. "சார், எங்க வீட்டு லேப்ரடாரும் இப்படித்தான் சார்" என்று ஆரம்பித்தார் ஒருவர். காலையில் நன்றாக இருந்தது, மாலையில் ஈறு வெளுத்து நிற்க முடியாமல் சாய்ந்தது. இதயத்தின் மேலறையில் இருந்த கட்டி உடைந்து, இதயத்தைச் சுற்றியுள்ள உறைக்குள் ரத்தம் தேங்கிவிட்டது என்று ஸ்கேனில் தெரிந்ததாம். லேப்ரடார், கோல்டன் ரிட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற பெரிய நாய்களுக்கு இந்தக் கட்டி வருவதுண்டு. உடையும்வரை சத்தமே காட்டாது.

பக்க வடிவமைப்பாளர் ஒரு பெண். பேசாமல் இருந்தவர், கடைசியில், "போன வருஷம் காய்ச்சல்னு லீவு எடுத்தேன்ல சார், காய்ச்சல் இல்ல. ஸ்வீட்டி செத்துப்போச்சு. நாய்க்காகன்னு எழுதினா சிரிப்பீங்கன்னு பயம்" என்றார். அவர் வீட்டில் இருந்தது நாம் பொமரேனியன் என்று சொல்லும் சின்ன ஜாதி. அவற்றுக்கு இதய வால்வு தடித்துச் சுருண்டுபோகும். வாஷர் தேய்ந்த அடிகுழாயில் தண்ணீர் திரும்ப இறங்குவதுபோல் ரத்தம் பின்னோக்கிக் கசியும். இரவில் வறட்டு இருமல் வரும். எலும்பு மாட்டிக்கொண்டது, சளி பிடித்துவிட்டது என்று கற்பூரவல்லிச் சாறு கொடுக்காத வீடு உண்டா? நாய்களின் இதய நோய்களில் பெரும்பங்கு இந்த வால்வு நோய்தான். நல்ல செய்தி, இதை ஸ்டெதஸ்கோப்பிலேயே கண்டுபிடித்துவிடலாம். மருந்தோடு ஆண்டுக்கணக்கில் நன்றாக இருக்கும் நாய்கள் நிறைய.

இனி நம் அலுவலகத்தில் லீவு விண்ணப்பத்தில் உண்மைக் காரணத்தையே எழுதலாம் என்று சொல்லிவிட்டேன். மனிதர் இறந்தால் பந்தல் போடுகிறோம், கேதம் கேட்க ஊரே வருகிறது, பதினாறாம் நாள்வரை அழுவதற்கு ஒரு முறை இருக்கிறது. நாய் இறந்த வீட்டுக்கு வருகிறவர்கள், "நாய்தானே, வேற ஒண்ணு வாங்கிக்கலாம்" என்கிறார்கள். பாளையங்கோட்டை அம்மாவிடம் அவருடைய நாத்தனாரே அப்படிச் சொல்லியிருக்கிறார். கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆறுதல் என்று நினைத்துத்தான் சொல்கிறார்கள். ஆனால் நோயில் கிடந்து போன நாய்க்குக் கஞ்சி ஊட்டி, மருந்து கொடுத்து, கண்ணெதிரே விடைகொடுத்த நிம்மதியாவது இருக்கும். திடீரென்று போனதற்கு அதுகூட இல்லை. பணிவிடை செய்யக் கிடைக்காத கை, தன்னையே அடித்துக்கொள்கிறது.

"நாய்தானே" என்பவர்களை நான் எடுத்தனூருக்கு அழைத்துப் போக விரும்புகிறேன். திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டு. கால்நடைகளுக்கான சண்டையில் விழுந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்தது. அவன் பக்கத்தில் ஒரு நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். அத்தோடு விடவில்லை, நாயின் பெயர் கோவிவன் என்றும், அது இரண்டு கள்ளர்களைக் கடித்து நின்றது என்றும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். அந்த ஊர்க்காரர்கள் தங்கள் துக்கத்துக்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. எனவே அம்மா, புரூனோவின் படம் ஒன்றை அனுப்பிவையுங்கள். அடுத்த இதழில் அதன் பெயரோடு போடுகிறோம். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

நோயை மறைப்பதில் நாய்களுக்கு ஈடே இல்லை. ஜப்பானின் ஹாச்சிகோவை உங்களில் பலர் சினிமாவில் பார்த்திருப்பீர்கள். எஜமானரான பேராசிரியர் 1925-ல் இறந்த பிறகும் ஷிபுயா ரயில் நிலையத்தில் காத்திருந்த நாய். 1935 மார்ச் 8 அன்று அது இறந்தபோது உடலைப் பரிசோதித்தார்கள். இதயத்தில் புழுக்கள் இருந்தன. பாதுகாத்து வைத்திருந்த உறுப்புகளை மீண்டும் ஆராய்ந்தபோது, இதயத்திலும் நுரையீரலிலும் புற்றுநோயும் இருந்தது என்று 2011-ல் தெரியவந்தது. இத்தனையையும் சுமந்துகொண்டுதான் அது நிலையத்துக்கு நடந்திருக்கிறது. ஏக்கத்தில் செத்தது என்று உலகம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்த இதயப்புழு கொசுக்கடியால் பரவுவது. இன்று மாதம் ஒரு மாத்திரையில் தடுத்துவிடலாம். கொசுவுக்கு நம் ஊரில் என்ன பஞ்சம்? உங்கள் பகுதியில் இது தேவையா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் நாய் இருப்பவர்களுக்கு நண்பர் சொல்லச் சொன்னவை சில. நடை போகும்போது வழக்கத்துக்கு மாறாகச் சீக்கிரம் உட்கார்ந்துவிடுவது, இரவு இருமல், வயிறு உப்புவது, ஈறு வெளுப்பது, இவற்றில் எது தெரிந்தாலும் வயசாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். சட்டென்று மயங்கி விழுந்து, ஒரு நிமிடத்தில் ஒன்றும் நடக்காததுபோல் எழுந்து வாலாட்டினால், வலிப்பு என்று நீங்களே முடிவுகட்ட வேண்டாம். அது இதயத்தின் தந்தியாக இருக்கலாம். டாபர்மேன் வளர்ப்பவர்களை, மருத்துவர்கள் மூன்று வயதிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை இதய ஸ்கேனும், 24 மணி நேர ஈ.சி.ஜி.யும் எடுக்கச் சொல்கிறார்கள். எல்லா ஊரிலும் வசதி இல்லை, செலவும் ஆகும். குறைந்தபட்சம் சாதாரண ஈ.சி.ஜி.யாவது எடுங்கள். குட்டி வாங்கப் போகிறவர்கள், தாய் தகப்பன் இரண்டுக்கும் இதயப் பரிசோதனை செய்த சீட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் வேறு இடம் பாருங்கள். நாலு பேர் கேட்க ஆரம்பித்தால்தான் விற்கிறவர் பரிசோதிக்க ஆரம்பிப்பார்.

காசு செலவில்லாத ஒன்று இருக்கிறது. நாய் நன்றாகத் தூங்கும்போது கடிகாரத்தை வைத்துக்கொண்டு, விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். ஏறி இறங்கினால் ஒன்று. வளர்ந்த நாய்க்கு முப்பதுக்குள் இருக்க வேண்டும். தொடர்ந்து முப்பதைத் தாண்டினால் மறுநாளே டாக்டரிடம் போங்கள். எண்ணிக்கை சரியாக இருந்தாலும், அடுத்த வெறிநோய்த் தடுப்பூசிக்கு அழைத்துப் போகும்போது, ஊசியோடு திரும்பிவிடாமல், "கொஞ்சம் நெஞ்சையும் பாருங்க டாக்டர்" என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்