முப்பத்தாறு மணி நேரத்திற்கு முன்னும் பின்னும்

கணினி நிரலாளர்கள் ஓரிடத்தில் கூடி, உறக்கத்தைக் குறைத்துக்கொண்டு தொடர்ந்து நிரல் எழுதும் நிகழ்விற்கு 'ஹேக்கத்தான்' என்று பெயர். நெடுந்தொலைவு ஓட்டமாகிய மாரத்தானின் ஈற்றைக் கடன்பெற்று அமைந்த சொல் இது. 1999ஆம் ஆண்டில் வழக்கிற்கு வந்தது. இந்தியாவில் 2017ஆம் ஆண்டு நடுவண் அரசு தொடங்கிய 'ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான்' இதனைக் கல்லூரி மாணவரிடையே பரவலாக்கியது. அரசுத் துறைகள் தம் சிக்கல்களை முன்வைக்க, மென்பொருள் பிரிவின் இறுதிச் சுற்றில் மாணவர் குழுக்கள் 36 மணி நேரம் உழைத்துத் தீர்வு காண முயல்கின்றன. சமூகத் தொண்டையே நோக்கமாகக் கொண்ட இத்தகைய போட்டிகளும் நடைபெறுகின்றன. மாணவர் கையில் கொடுப்பதற்குப் பொருள் இல்லை, திறன் உண்டு. அத்திறனைக் கொடுப்பதும் ஈகையே.

ஆயினும், ஈகை என்னும் பெயர் ஒரு தீர்வின் குறைகளை எளிதில் மறைத்துவிடும். தென்னாப்பிரிக்காவில் தோன்றிய 'பிளேபம்ப்' என்னும் நீரிறைக்கும் கருவி இதற்குத் தக்க சான்று. அது ஹேக்கத்தானில் பிறந்ததன்று, நல்லெண்ணத்தில் பிறந்தது. சிறுவர் ஏறி விளையாடும் குடை இராட்டினத்தை ஆழ்துளைக் கிணற்றோடு இணைத்தனர். சிறுவர் சுற்றி விளையாட, நீர் மேலேறி உயரத்தில் உள்ள தொட்டியை நிரப்பும். கேட்டவர் அனைவரையும் கவர்ந்தது இக்கருத்து. 2006ஆம் ஆண்டு அமெரிக்காவில் பெருந்தொகை திரட்டப்பட்டு, 2010ஆம் ஆண்டிற்குள் 4,000 கருவிகளை நிறுவுவதென இலக்கும் வகுக்கப்பட்டது. அந்த இலக்கு எட்டப்படவில்லை. நாளெல்லாம் குடும்பங்களுக்குத் தேவைப்படும் நீரைச் சிறுவரின் விளையாட்டு தந்துவிடாது. சிறுவர் இல்லாத வேளையில் பெண்கள் குனிந்து நின்று அந்த இராட்டினத்தைத் தம் கைகளால் சுற்ற நேர்ந்தது. முன்பிருந்த கைப்பம்பே எளிதாக இருந்தது என்றனர் பலர். பழுதானால் ஊராரால் சரிசெய்ய இயலவில்லை. தண்ணீர் சுமக்கும் பெண்களிடம் முன்னரே கேட்டிருந்தால் இவற்றுள் பலவற்றைத் தவிர்த்திருக்கலாம்.

இதற்கு மாறான நிகழ்வும் உண்டு. கூகுள், மைக்ரோசாப்ட், யாகூ, நாசா, உலக வங்கி ஆகியன இணைந்து 2009ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் 'ரேண்டம் ஹேக்ஸ் ஆஃப் கைண்ட்னஸ்' என்னும் கூடுகையை நடத்தின. அங்கே உருவான செயலி ஒன்று, பேரிடரில் சிக்கியவர் தாம் நலமாக இருப்பதை உறவினருக்குக் குறுஞ்செய்தியாக அறிவிக்க உதவுவது. மிக எளிய செயலி. அடுத்த ஆண்டு ஹெய்ட்டியில் நிலநடுக்கம் நேர்ந்தபோது அது பயன்பட்டது. அக்கூடுகையில் நிரலாளரோடு பேரிடர்ப் பணியின் நடைமுறை அறிந்தோரும் கலந்துகொண்டனர் என்பது கருதத்தக்கது.

போட்டியின் நோக்கம் மாணவரைப் பயிற்றுவதே, தீர்வு நிலைக்க வேண்டும் என்பதில்லை என்று கூறுவோர் உளர். பயிற்சி என்றே பெயரிட்டு நடத்தினால் அக்கூற்றில் பிழையில்லை. முதியோருக்கு, மாற்றுத்திறனாளிகளுக்கு, தூய்மைப் பணியாளருக்கு என்று அறிவித்துவிட்டு, பரிசளிப்பு முடிந்ததும் செயலியைக் கைவிடுவதுதான் முறையன்று. அதனை நம்பித் தம் பெயரையும் தொலைபேசி எண்ணையும் பதிவுசெய்தவருக்கு விடை கூறுவோர் யார்? ஆகவே, பரிசுத் தொகையின் ஒரு பகுதியை ஆறு திங்கள் கழித்து, தீர்வு இயங்குகிறதா என ஆராய்ந்த பின்னரே வழங்கலாம். எவருக்காகத் தீர்வு உருவாகிறதோ அவருள் ஒருவரேனும் தொடக்கத்தில் குழுவிலும் இறுதியில் நடுவர் இருக்கையிலும் அமர வேண்டும்.

பார்வையற்றோருக்கான செயலி ஒன்று போட்டிக்கு வருவதாகக் கொள்வோம். வண்ணமும் வடிவமும் கண்டு நடுவர்கள் வியக்கலாம். ஆனால், திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் மென்பொருள், பெயர் குறிக்கப்படாத ஒவ்வொரு பொத்தானையும் வெறுமனே "பொத்தான்" என்றுதான் ஒலிக்கும். பார்வையற்ற ஒருவர் நடுவராக அமர்ந்திருந்தால், "பொத்தான், பொத்தான், பொத்தான்" என்று அவர் செவியில் விழுவதை முதல் நிமிடத்திலேயே குழுவினர் கேட்டிருப்பர்.