‘புத்தம்புது’ பேட்டரியின் வயது

ஆசிரியருக்கு,

பூஜைக் கூட்டத்துக்கு நடுவே, கரியாஹாட் மேம்பாலத்தின் அடியில் என் ஸ்கூட்டர் படுத்துவிட்டது. செல்ஃபை அழுத்தினால் ‘டக் டக்’ மட்டும்தான். பக்கத்துக் கடையில், “மெயின்டனன்ஸ் ஃப்ரீ, புத்தம்புதுசு தாதா” என்று ஒரு சீல்டு பேட்டரியை மாட்டிவிட்டார்கள். மூன்றே வாரத்தில் அதுவும் படுத்துவிட்டது. கழற்றிப் பார்த்தால், உறையில் பொறித்திருந்த குறியீட்டின்படி அது ஒன்றரை வருடச் சரக்கு!

சீல்டு பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம், வாஸ்தவம். ஆனால் அலமாரியில் சும்மா கிடந்தாலும் சார்ஜ் இறங்கிக்கொண்டே இருக்கும். அப்படியே விட்டால் ஈயத் தகடுகளில் சல்பேட் இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய தெம்பு வராது. முழு சார்ஜில் உள்ள 12 வோல்ட் பேட்டரி, எதிலும் இணைக்காதபோது ஏறக்குறைய 12.8 வோல்ட் காட்ட வேண்டும். இம்முறை மல்டிமீட்டரோடு போனேன். முதலில் நீட்டிய பேட்டரி 12.3. கடைக்காரர் பேசாமல் உள்ளே போய் வேறொன்றை எடுத்துவந்தார்.

பிஸ்கட் பாக்கெட்டில்கூடத் தேதி தெளிவாக இருக்கிறது. பேட்டரிக்கு மட்டும் ஏன் சங்கேத எழுத்து? உங்கள் வாகனப் பகுதியில் இதைக் கேட்டு எழுதுங்களேன்.

– ஒரு வாசகர், கரியாஹாட், கொல்கத்தா