கல்லூரித் தோட்டமும் அயலவரும்

எமது கல்லூரியின் பழைய விழா மலர்களைப் புரட்டிப் பார்ப்போர், ஒவ்வொரு தலைமுறை மாணவரும் கல்வித் தாய்க்கு எதனைக் காணிக்கையாக்கினர் என்பதை எளிதிற் கண்டுகொள்வர். ஒரு தலைமுறையினர் மண்டபம் அமைத்தனர். அடுத்தவர் நூல்நிலையத்துக்கு மாடி கட்டினர். பின்வந்தோர் நுழைவாயிலில் வளைவு எழுப்பினர். இவை யாவும் போற்றத்தக்கனவே. ஆயினும், மைதானத்தின் வடபுறத்தே பழங்கிணற்றோடு கிடக்கும் நான்கு பரப்பு நிலத்தைப் பற்றி எவரும் நல்லதொரு சொற் சொல்லக் கேட்டிலேன். இவ்வாண்டு அந்நிலத்துக்குச் சீமெந்திட்டு வாகனத் தரிப்பிடமாக்கலாம் என்றோர் ஆலோசனை விழாக் குழுவினர் முன் வைக்கப்பட்டுள்ளது. அதனை நான் எதிர்க்கின்றேன். எதிர்ப்பதற்குரிய காரணங்களை இம்மலர் வாயிலாகவே கூற விரும்புகின்றேன்.

ஆலோசனை கூறியோர் மீது குறை சொல்வதற்கில்லை. ‘கல்லூரித் தோட்டம்’ என்ற பலகையும், அதன் கீழ் நாலைந்து வாடிய கத்தரிச் செடிகளுமே அங்கு கண்ணிற் படுகின்றன. விழாதோறும் பிரதம விருந்தினர் ஒரு மரக்கன்று நடுகின்றார். மறு விழாவுக்கு வருபவர் அதே குழியில் வேறொன்று நடுகின்றார். குழி ஒன்றுதான் நிலைத்து நிற்கின்றது.

மண்ணும் நீரும் இருந்தும் தோட்டம் ஏன் பொய்த்தது? ஊக்கமுள்ள விவசாய ஆசிரியர் ஒருவர் வருகின்றார். மாணவரைத் திரட்டித் தறை கட்டுகின்றார். கீரையும் வெண்டியும் காய்க்கும் தறுவாயில் அவருக்கு இடமாற்றக் கடிதம் வருகின்றது. அதற்கும் தப்பினால் ஓகஸ்ட் விடுமுறை காத்திருக்கின்றது. குடாநாட்டு வெயிலில் தண்ணீர் இறைப்பாரின்றிப் பிழைக்கும் பயிர் எது? மாரிமழையோ ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்கின்றது; பாடசாலைகளில் அதுவே பரீட்சைக் காலமும் விடுமுறைக் காலமுமாகும். பயிருக்கு ஒரு பஞ்சாங்கமும் பாடசாலைக்கு வேறொரு பஞ்சாங்கமும் இருக்க, இரண்டையும் இசைவிப்பதற்கு ஒருவரும் இல்லை. குறை இங்கேதான் உள்ளது.

பாடசாலைத் தோட்டம் இந்நாட்டுக்குப் புதிதன்று. 1904இல் இலங்கை விவசாயச் சங்கம் தோன்றிய காலத்திலேயே டிறீபேர்க் என்பார் பாடசாலைத் தோட்டங்களின் மேற்பார்வையாளராய்ப் பணியாற்றினார். 1930ஆம் ஆண்டுகளில் கண்டிப் பகுதியின் ஹந்தெஸ்ஸவிற் கிராமியக் கல்வித் திட்டமொன்று எழுந்தது. 1937இல் காந்தியடிகள் வார்தாவிற் கைத்தொழிலையே கல்வியின் நடுவில் வைத்தார். இம்முயற்சிகள் பரவாமைக்குக் காரணம் பல. எனினும் ஒன்றை நாம் மறைக்கலாகாது: ‘எங்கள் பிள்ளைக்கு மண்வெட்டி, பட்டணத்துப் பிள்ளைக்கு ஆங்கிலமும் உத்தியோகமுமா?’ என்று பெற்றோர் ஐயுற்றனர். அவ்வையம் நியாயமானதே. ஆதலின், தோட்டத்தைப் பரீட்சைக் கல்விக்கு மாற்றாக வைத்தால் அது இன்றும் தோற்கும். இரசாயனமும் கணிதமும் கற்கும் இடமாகத் தோட்டம் விளங்குதல் வேண்டும்.

அதற்கேற்ற பொருள் நம் காலடியிலேயே கிடக்கின்றது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லாத இக்குடாநாடு, சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புக்களிலே தங்கும் மழைநீரையே நம்பி வாழ்கின்றது. மேலே இட்ட யூரியாவும், மலகூடக் குழிகளின் கழிவும் அக்கல்லினூடே விரைந்து இறங்கிக் கிணற்றிற் கலக்கின்றன. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. தோட்டங்கள் செறிந்த பகுதிகளின் கிணறுகள் பலவற்றில் அவ்வரையறை கடந்துள்ளமையை ஆய்வாளர் காட்டியுள்ளனர். புட்டிப்பால் உண்ணும் பச்சிளங் குழந்தைக்கு இது பெருந்தீங்கு. கொதிக்க வைத்தாற் போகும் என்று நம் தாய்மார் பலர் எண்ணுகின்றனர். கொதித்தால் நீர் வற்றி, நைத்திரேற்றின் செறிவு கூடுமேயன்றிக் குறையாது. ஒவ்வொரு மாணவனும் தன் வீட்டுக் கிணற்றிலிருந்து ஒரு போத்தல் நீர் கொணர்ந்து, நிறம் மாறும் சோதனைத் தாளால் அளந்து, ஊர்ப் படத்திற் குறித்து வருவானாயின், அவன் கற்பது இரசாயனம். ஊர் பெறுவது பாதுகாப்பு. மாரிக்கு முன்னும் பின்னும் கிணற்று நீர்மட்டத்தைக் கயிறிட்டு அளந்து வரைபு கீறுவானாயின் கணிதமும் கைகூடும்.

இனி எருவின் கதை. 2021இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடுக்கப்பட்டு, அவ்வாண்டு முடியுமுன்னரே தடை தளர்த்தப்பட்டதை யாவரும் அறிவர். 2022 நெருக்கடியில் அரசாங்க ஊழியருக்கு வெள்ளிக்கிழமையை வீட்டுத்தோட்டம் செய்வதற்கென விடுமுறையாக்கினர். கட்டளையிட்டோர் பலர், கற்பித்தோர் சிலரே. பூவரசங் குழையையும் பாவட்டங் குழையையும் தாழ்ப்பதும், பட்டியடைப்பதும் நம் கமக்காரர் வழிவழி அறிந்தவை. அவ்வறிவு இன்று எழுபது வயதைக் கடந்தோரிடமே எஞ்சியுள்ளது. அவர்களைக் கல்லூரிக்கு அழைத்து ஆசனமிட்டுக் கேட்பதே சமூகத் தொடர்பு. அயலவருக்கு உபதேசம் செய்யப் புறப்படும் கல்லூரி ஏளனத்தையே பெற்றுத் திரும்பும்.

ஆகவே நான் கேட்பது கட்டடமன்று, ஓர் ஆள். இடமாற்றத்துக்கு உட்படாத ஒரு தோட்ட இணைப்பாளரைப் பழைய மாணவர் சங்கம் தன் செலவில் நியமித்தல் வேண்டும். இளைப்பாறிய விவசாயப் போதனாசிரியர் ஒருவர் வாரத்தில் மூன்று நாள் வந்தாலும் போதும். எவ்வகுப்பு எப்பாடத்துக்காக எப்பொழுது தோட்டத்துக்கு வரும் என்பதை ஆசிரியரோடு கூடி அவர் வகுக்கட்டும். விதைகளைக் காயவைத்து, இன்னாருக்குக் கொடுத்தது, இன்னாரிடம் திரும்பி வந்தது என்று ஏடு எழுதி வைக்கட்டும். நீரிறைப்புச் சிக்கலுக்கு ஒரு வழியுண்டு. விடுமுறை நாளில் இறைக்கும் அயல்வீட்டாருக்கு அப்போகத்தின் விளைவிற் பாதி என்று முன்கூட்டியே பொருந்திக்கொண்டால், கல்லூரிப் பயிரைத் தம் பயிராய் அவர்கள் காப்பர்.

இவ்விடத்தில் ஒன்றை வெளிப்படையாகவே சொல்லிவிடுகின்றேன். எந்தக் கிணற்றில் யார் அள்ளலாம், யார் அள்ளலாகாது என்று வழக்காடிய ஊர்கள் நம்முடையவை. வடபுறப் படலையைத் திறப்பதாயின், யார் வீட்டார் என்று கேளாது எல்லாருக்கும் திறத்தல் வேண்டும். சிலருக்கு மட்டும் திறக்கும் படலை பூட்டியே கிடக்கட்டும்.

பரீட்சைப் பெறுபேறு குறையும் என்று அஞ்சும் பெற்றோர் உண்டு. வாரத்தில் ஒரு பாடவேளையால், அதுவும் பாடத்திட்டத்தைத் தழுவிய பாடவேளையால், எவருடைய பெறுபேறும் குறையாது. பணம் எங்கே என்று வினவுவோருக்கு விடை எளிது. ஒரு மண்டபத்துக்கு நாம் திரட்டும் தொகையை வைப்பிலிட்டால், அதன் வட்டியே ஓர் இணைப்பாளரின் வேதனத்துக்கு ஏறக்குறையப் போதும். கல்லிற் பெயர் பொறிக்க இயலாதென்பதொன்றே இத்தருமத்தின் குறை.

விழாக் குழுவினர் இரண்டு போகம் பொறுக்கட்டும். அதன் பின்னும் நிலம் வெறுமையாய்க் கிடந்தாற் சீமெந்திட நானே கையொப்பமிடுவேன். வாகனங்களைத் தென்புற வீதியோரத்தே நிறுத்தலாம். அத்தனை வாகனங்கள் வருவது ஆண்டில் ஒரே நாள்தான்.